டீ மணிக்குள் திறக்கிற பக்கம்

செக்கர் அக்காவை வாயாடி என்று சொல்லியிருக்கிறார்கள். வம்புக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள். நின்ற இடத்தில் நெருப்பு வைக்கிறவள் என்று மாமியாரே சொல்லியிருக்கிறார். ஆனால் மந்தம் என்று மட்டும் எந்த வாயும் சொன்னதில்லை. தையல் ஆலையில் மேஜைக்கு வந்து விழுகிற சட்டையைத் தூக்கி, காலரை மடக்கி, அக்குளை இழுத்துப் பார்த்து, உள்பக்கம் புரட்டி, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுகிற வேலை அவளுடையது. பக்கத்து மேஜைக்காரி ஒரு சட்டையின் கையைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவள் அடுத்த சட்டையை முடித்திருப்பாள். அப்பேர்ப்பட்டவள் நடத்துகிற ப்ளாக்குக்கு அதே ஆலையில் வைத்த பெயர் ஆமை.

ப்ளாக்கின் சொந்தப் பெயர் 'பிசிறு'. தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைத்தான் பிசிறு என்பார்கள். அதை வெட்டிய பிறகுதான் துணி பெட்டிக்குள் போகும். ஆலை நிர்வாகத்தின் கண்ணுக்குத் தானும் அப்படி ஒரு நூல்தான் என்பது அவளுக்குத் தெரியும். வெட்டியும் விட்டார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கைநீட்டி டோக்கன் வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. லைனுக்கு ஒரே ஒரு டோக்கன். ஒருத்தி போய்விட்டு வரும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டும். செக்கர் அக்கா மேஜையை விட்டு எழுந்தாள். தன் ஸ்டிக்கர் சுருளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பணியாளர் விவகாரம் பார்க்கிற ஆபீஸ் சாரின் கதவில், அவர் பெயர்ப்பலகையைக் காட்டுகிற மாதிரி ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு வீட்டிலேயே பட்டன் தைக்கிறாள். பிழைப்பு ஓடுகிறது. ஆனால் அந்த மேஜை, அந்த வெளிச்சம், சட்டையைத் தூக்கியதும் குறை தானாகக் கண்ணில் வந்து விழுகிற அந்த சுகம், இதெல்லாம் இல்லாமல் அவளுக்குக் கை நமைக்கும். அந்த நமைச்சலில் ஆரம்பித்ததுதான் ப்ளாக். டோக்கன், ஓவர்டைம், உடைந்த மின்விசிறி, எதையும் விடவில்லை. ஆலைப் பெண்கள் படித்தார்கள். படித்ததோடு நிற்காமல் ஆளுக்கொரு சீர்வரிசையும் கொண்டுவந்தார்கள். ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற தோழி, பக்கம் முழுக்க ரோஜாப்பூ உதிர வேண்டும் என்று கேட்டு வாங்கிவைத்தாள். அயர்ன் மேஜைக்காரர் 'வருக வருக' என்று ஓடுகிற எழுத்தைக் கொடுத்தார். இன்னொருத்தி முள் ஓடுகிற கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பட்டன் துளை போடுகிற காஜாக்காரிக்குப் பாட்டு வேண்டும். பக்கத்தைத் திறந்தால் தானாகப் பாட வேண்டும். ஒரு பெண் டீ நேரத்தில், அம்மாவிடம் பேசுகிற மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரைத் தாண்டிப் போகும்போது அந்தப் பாட்டு கிளம்பிவிட்டது. "உங்க அம்மா நல்லா பாடறாங்களே" என்றாராம் அவர். அப்படியும் செக்கர் அக்கா பாட்டை எடுக்கவில்லை. காஜாக்காரி மனசு கஷ்டப்படுமே.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற கனம் ஒன்று இருந்தது. அது அவள் கையெழுத்து.

முதலில் அவளும் எல்லாரையும் போல டைப் அடித்துத்தான் போட்டாள். ஒருமுறை எல்லாரும் சேர்ந்து ஒருநாள் லீவு போடுவதாகப் பேசிவைத்திருந்தார்கள். முந்தின நாள், 'லீவு வேண்டாம், எல்லாரும் வேலைக்குப் போங்கள், இப்படிக்கு செக்கர் அக்கா' என்று போன் போனாக ஒரு செய்தி பரவியது. அவள் அனுப்பாத செய்தி. பாதிப் பேர் நம்பி உள்ளே போனார்கள், நம்பாதவர்கள் வெளியே நின்றார்கள். வெளியே நின்றவர்களில் இரண்டு பேருக்கு வேலை போனது. அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டு வந்தாள். அன்றைக்கு ஒரு சபதம் போட்டாள். இனிமேல் என் கையால் எழுதியிருந்தால்தான் அது நான். மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் தடித்த பேனாவால் எழுதி, அதைப் படம் எடுத்துப் போட்டாள். படமும் லேசுப்பட்டதில்லை. துணியில் ஒற்றை நூல் இழுத்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவளுக்கு மங்கல் ஆகுமா? போனில் எவ்வளவு பெரிதாக எடுக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக எடுத்து, அப்படியே ஏற்றினாள். அவள் வீட்டில் அது திறந்தது. அதுபோதும் என்று இருந்துவிட்டாள்.

அப்போதுதான் அந்த ஒப்பந்தத் தாள் வந்தது. எல்லாரும் தாமாகவே ராஜினாமா செய்ததாக ஒரு கையெழுத்து, மறுநாளே ஒரு ஏஜென்சி வழியாக அதே மெஷினில் சேர்ந்ததாக இன்னொரு கையெழுத்து. "வெறும் ஃபார்மாலிட்டி, உங்க மெஷினும் மாறாது, நாற்காலியும் மாறாது" என்று ஆபீஸ் சார் மைக்கில் தேன் தடவினார். நாற்காலி மாறாது, வாஸ்தவம். அதில் உட்கார்ந்து தேய்த்த வருஷமெல்லாம் ஒரே கையெழுத்தில் காணாமல் போகும். நாளைக்கு ஏஜென்சிக்காரன் வேண்டாம் என்றால் ஆலை கை கழுவிவிடும். செக்கர் அக்கா இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்து, அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவிடாமல் கேள்வி கேட்டு, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்து நான்கு காலண்டர் தாளில் விலாவாரியாக எழுதிப் போட்டாள். போட்டுவிட்டு மறுநாள் டீ மணிக்காகக் காத்திருந்தாள்.

டீ மணிக்குக் காரணம் உண்டு. ஆலைக்குள் நுழையும்போதே போனை டைம் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். காலை டீக்கும் மாலை டீக்கும்தான் கையில் கொடுப்பார்கள், தலா பத்து நிமிஷம். சாயங்காலம் ஆலை பஸ் நேராக விடுதியில் கொண்டுபோய் இறக்கும். அங்கே வார்டனம்மா ஒரு பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்பார். ஆக அந்தப் பெண்களுக்கு உலகம் திறப்பது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். அதுவும் தகரக் கூரை போட்ட டீ கொட்டகைக்குள், சிக்னல் இருக்கிறதா இல்லையா என்று போனை உயர்த்தி உயர்த்திப் பார்த்துக்கொண்டு. குரூப்பில் அனுப்பலாம் என்றால், அனுப்பினவள் பெயர் முன்னால் நிற்கும். எல்லாக் குரூப்பிலும் நிர்வாகத்துக்கு ஒரு காது உண்டு. ப்ளாக்கில்தான் யார் படித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

காலை டீ நேரத்தில் ஓவர்லாக்காரி கூப்பிட்டாள்.

"என்னடி, படிச்சீங்களா?"

"எதைப் படிக்கிறது? ரோஜாப்பூ வந்துச்சு. கடிகாரம் வந்துச்சு. வருக வருகன்னு எழுத்து ஓடிக்கிட்டே இருந்துச்சு. உன் தாள்தான் வரல."

"ஒண்ணு கூடவா வரல?"

"முதல் தாள்ல நெத்தி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு. இதோ மணி அடிக்கப் போறான். நாலாவது தாள் வர்றதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்."

"யாராவது கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

"அயர்ன் மேஜை முழுக்கப் போட்டாச்சு. நாளைக்கு எங்க லைன்." அவள் குரல் இறங்கியது. "அந்தாளு மைக்ல என்ன சொன்னான் தெரியுமா? 'உங்க செக்கர் அக்கா ஏதோ எழுதியிருக்காங்களாம். அது திறந்ததும் படிச்சுட்டு நிதானமா வந்து கையெழுத்துப் போடுங்க, அதுவரைக்கும் நான் காத்திருக்கேன்'னான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்."

செக்கர் அக்காவுக்கு உச்சந்தலையில் சுள்ளென்றது. அவளை வேலையை விட்டு அனுப்பியபோது கூட அவளுக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தூக்கி எறிந்தாள். அந்த ஆள் மேல் இருந்த கோபம் பாதிதான். மிச்சப் பாதி தன் மேலேயே. அத்தனை பெண்களின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு அவர் காத்திருக்கிறார். இவள் பூவை உதிர்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குள் அந்தப் பக்கம் பத்து நிமிஷத்தில் என்ன, பத்து எண்ணுவதற்குள் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு நாள் எழுதியதெல்லாம் வீண்.

ஊரில் அவளுக்குத் தெரிந்து இந்த வேலை அறிந்தவள் ஒருத்திதான். அவள் நாத்தனார். கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுத்துச் சம்பாதிக்கிறவள். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். "அண்ணி, உங்க ப்ளாக்கைக் கொஞ்சம் சரி பண்ணித் தரட்டுமா?" என்று முன்பு ஒருநாள் கேட்டதற்கு, "உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லியிருந்தாள் செக்கர் அக்கா. இப்போது ரோஷத்தையெல்லாம் மென்று முழுங்கிவிட்டுப் போன் செய்தாள்.

நாத்தனார் மத்தியானமே வந்துவிட்டாள். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் கண்ணாடி கீறல் விட்ட ஓட்டைப் போன்.

"அண்ணன் போன்ல பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. அந்தப் பொண்ணுங்க வெச்சிருக்கிறது இந்த மாதிரிதானே? இதுல பார்ப்போம். சிக்னல் மோசமா இருக்கிற இடம் வீட்டுல எது?"

வீட்டில் எல்லா இடத்திலும் சிக்னல் நன்றாகவே இருந்தது. கழிப்பறையில் கூட இருந்தது. கடைசியில் இரும்பு பீரோவைத் திறந்து, துணிமணிகளை ஒதுக்கி, போனை உள்ளே வைத்தார்கள். ஒரு கோடு சிக்னல். நாத்தனார் தலையையும் உள்ளே விட்டு, கதவைக் கொஞ்சம் சாத்திக்கொண்டாள். செக்கர் அக்காவும் பக்கத்தில் தலையை நுழைத்தாள். இருட்டில், நாப்தலின் வாசனையில், இரண்டு பேரும் அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூ உதிர்ந்தது. பாட்டு பீரோவுக்குள் கணீரென்று எழுந்தது.

தண்ணீர் கேன் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்த கணவர், பீரோவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முதுகுகளைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சமாதானம் ஆகணும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன். அதுக்காக ஒரே பீரோவுல குடி போகணுமா?"

"சோறு அடுப்பு மேல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க" என்று பீரோவுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவர் சாப்பிட்டு, கை கழுவி, கொஞ்சம் கண் அசந்து எழுந்திருந்தபோதும் முதல் தாள் பாதிதான் இறங்கியிருந்தது. நாத்தனார் தலையை வெளியே எடுத்து முதுகை நிமிர்த்தினாள்.

"அண்ணி, இது ப்ளாக் இல்ல, பரண். வர்றவங்க கொடுத்ததையெல்லாம் வாங்கி அடைச்சு வெச்சிருக்கீங்க. பூ ஒரு இடத்துல இருந்து வரணும், கடிகாரம் இன்னொரு இடத்துல இருந்து, பாட்டு வேற எங்கேயோ இருந்து. இவங்கெல்லாம் வந்து இறங்கினப்புறம்தான் உங்க தாளுக்கு வழி கிடைக்குது. அதுக்குள்ள மணி அடிச்சிடும்."

"சரி, என்ன எடுக்கணுமோ எடு."

எடு என்று சொல்லிவிட்டாளே தவிர, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே விழுந்தாள். கடிகாரம் போகட்டும், பாட்டு போனால் காஜாக்காரி பேசமாட்டாள். ஓடுகிற எழுத்தை எடுத்தால் அயர்ன் மேஜைக்காரர் என்ன நினைப்பார்? ரோஜாவை மட்டும் விட்டுவிடேன், ஒன்றிரண்டு பூ விழுந்தால் போதும்.

"அவங்கதான் கையெழுத்துப் போட்டுட்டாங்க, அண்ணி" என்றாள் நாத்தனார். "அயர்ன் மேஜைக்காரர் வருக வருகன்னு எழுதிக் கொடுத்துட்டு, உங்க தாள் வராம, காலையிலேயே போய்க் கையெழுத்துப் போட்டுட்டார். அவர் கொடுத்ததுதான் அவரை அடைச்சு நின்னுச்சு."

செக்கர் அக்கா லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினாள். "பூவையும் எடு" என்றாள்.

பூ போனது, பாட்டு போனது, ஓடினது நின்றது. முதல் பக்கத்திலேயே ஆதியோடந்தமாகத் தொங்கிக்கொண்டிருந்த பழைய பதிவுகளை எல்லாம் நாத்தனார் உள்ளே தள்ளி, கடைசிப் பதிவு ஒன்றை மட்டும் வாசலில் நிறுத்தினாள். மறுபடி பீரோ. மறுபடி இரண்டு தலை. இந்த முறை வட்டம் உடனே ஒழிந்தது. ஆனால் தாள் மட்டும் மேலிருந்து துளித் துளியாகத்தான் இறங்கியது. படத்தைச் சுருக்கிப் பார்த்தாள். வேகமாக வந்தது, எழுத்து எறும்பாகிவிட்டது. ஓட்டைப் போனில் ஒரு வரி படிக்க முடியவில்லை.

"டைப் அடிச்சிடுவோம்" என்றாள் நாத்தனார். "எழுத்துக்கு எடையே இல்ல. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடும்."

"டைப் அடிக்க மாட்டேன்."

"ஏன்?"

"என் கையெழுத்து இருந்தாத்தான் நான்னு சத்தியம் பண்ணியிருக்கேன். டைப் அடிச்சது நான்தான்னு எவ நம்புவா?"

"அந்தப் பக்கத்துல உங்களைத் தவிர யாராலும் எதுவும் போட முடியாது அண்ணி. பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கு."

"அது உனக்குத் தெரியும். கட்டிங் மேஜையில நிக்கிறவளுக்குத் தெரியுமா? என் பேரைச் சொல்லி வந்த பொய்யால ஏற்கெனவே ரெண்டு பேர் வேலை போச்சு. அந்த வீட்டு வாசல்ல போய் நீ நிக்கல, நான்தான் நின்னேன்."

நாத்தனாருக்கு அந்தக் கதை தெரியாது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, வழக்கமாக வருகிற குத்தல் எதுவும் இல்லாமல் சொன்னாள்: "நீங்க சொல்றதும் சரிதான். ஆனா நம்பற மாதிரி இருந்து திறக்காத பக்கத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

செக்கர் அக்கா எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். தெருவில் பள்ளி விட்டுப் போகிற பிள்ளைகள், பால் வண்டி. திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"டைப் அடிக்கிறேன். நான்தான் அடிச்சேன்னு நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

"எங்க போய்?"

"கேட்டுல. காலையில பஸ் வந்து இறக்குமில்ல, அங்க."

வேலை போன நாளிலிருந்து அவள் அந்தத் தெருப்பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. ஆலைச் சுவர் கண்ணில் படக் கூடாது என்று, சந்தைக்குப் போகக் கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறவள். கணவருக்கு அது தெரியும். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

அவள் ஒற்றை விரலால் அடிக்க ஆரம்பித்தாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணி, கோபிச்சுக்காதீங்க. முதல் தாள் முழுக்க ஆபீஸ் சாரைத் திட்டியிருக்கீங்க."

"திட்டாம கொஞ்சச் சொல்றியா?"

"நல்லாத்தான் திட்டியிருக்கீங்க. அந்த 'மைக்கைப் பிடிச்ச மகாராசா'வைப் படிச்சு எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஆனா தாள்ல கையெழுத்துப் போடக் கூடாதுங்கிற விஷயம் மூணாவது தாள் கடைசியில வருது. ஒருத்தி டீயைக் கையில வெச்சுக்கிட்டு அதுவரைக்கும் போறதுக்குள்ள மணி அடிச்சிடும்."

பூவையும் பாட்டையும் எடுத்தபோது கூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அந்த முதல் தாள் அவள் உயிரைக் கொடுத்து எழுதியது. ஒவ்வொரு வசவும் பட்டன் தைத்துக்கொண்டே நாள் கணக்கில் யோசித்தது. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு பட்டன் நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்து, சர்ரென்று இரண்டாக வெட்டிப் போட்டாள்.

"எப்படி ஆரம்பிக்கலாம்?" என்றாள் நாத்தனார்.

"கையெழுத்துப் போடாதே. காரணம் கீழே இருக்கிறது. அவ்வளவுதான்."

நான்கு தாள் ஒரு பத்தியாக வந்து நின்றது. ராஜினாமா என்றால் என்ன ஆகும், ஏஜென்சி என்றால் யார் பொறுப்பு, தாளைத் திணித்தால் என்ன சொல்ல வேண்டும், போட்டவர்கள் திருப்பிக் கேட்கலாமா. கடைசியில் வக்கீல் அம்மாவின் போன் நம்பர். படம் கிடையாது, கலர் கிடையாது. பொழுது சாய்கிற நேரத்தில் கடைசியாக ஒருமுறை பீரோவைத் திறந்தார்கள். இந்த முறை தலையை உள்ளே விடுவதற்குள்ளேயே பக்கம் திறந்து நின்றது. நாத்தனார் குனிந்தவள் அப்படியே நின்று, மெதுவாகச் சிரித்தாள். செக்கர் அக்கா சிரிக்கவில்லை. ஓட்டைப் போனை வாங்கி, மூடித் திறந்து, மூடித் திறந்து, குறை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள்.

காலையில் அவள் ஆலை வாசலுக்கு எதிரே போய் நின்றாள். முதல் பஸ் வந்து திரும்பியது. பெண்கள் இறங்கினார்கள், அவளைப் பார்த்ததும் வரிசை தயங்கியது.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது, தெரு முழுக்கக் கேட்டது. "என் கையால எழுதியிருந்தாத்தான் நான்னு சொல்லியிருந்தேன். இன்னிக்கு டைப் அடிச்சுப் போட்டிருக்கேன். அடிச்சது நான்தான். இதோ இந்த விரல்தான். டீ நேரத்துல திறங்க, இப்ப சட்டுனு திறக்கும்."

வாட்ச்மேன் ஓடி வந்தார். அவருக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். சங்கடமாகத்தான் ஓடி வந்தார்.

"இங்க நிக்கக் கூடாதும்மா, மேல இருந்து பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்ணே. கேட்டுக்கு உள்ள உங்க இடம். இந்த ரோடு என் வரியில போட்டது. அடுத்த பஸ்ஸுக்கும் நிப்பேன்."

அடுத்த பஸ்ஸுக்கும் நின்றாள், அதற்கடுத்த பஸ்ஸுக்கும் நின்றாள். ஒவ்வொரு கூட்டத்திடமும் அதையே சொன்னாள். கடைசி பஸ்ஸில் வந்த காஜாக்காரி மட்டும் அருகே வந்து, "பாட்டு இருக்கா அக்கா?" என்று கேட்டாள். "இல்லடி, எடுத்துட்டேன்" என்றாள். காஜாக்காரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

செக்கர் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஆலைச் சுவரின் கம்பி வழியாக டீ கொட்டகையின் ஒரு ஓரமும், மாடியில் ஆபீஸ் ஜன்னலும் தெரிந்தன. காலை டீ மணி அடித்தது. கடைக்காரர் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது, அவள் தொடவில்லை. போன் அடித்தது.

"திறந்துச்சுடி" என்றாள் ஓவர்லாக்காரி. போனைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினாள். பின்னால் பல குரல்கள் ஒரே வரியைத் தாறுமாறாக வாசித்துக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போடாதே, காரணம் கீழே. படிக்கத் தெரியாத யாருக்கோ யாரோ இரண்டாம் தடவை வாசித்தார்கள். மணி அடித்தபோது வாசித்து முடித்து, கேள்வி கேட்டு, பதிலும் சொல்லி முடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் ஒருமுறை நின்றது, பிறகு மறுபடி ஓடியது. அவ்வளவுதான் அவளுக்குக் கேட்டது. மத்தியானம் சாய்ந்து, மாலை டீ நெருங்கியபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தெரியாத நம்பர், தெரிந்த குரல்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் ஆபீஸ் சார். அவளை வேலையை விட்டு அனுப்பிய அன்று அவர் வாயில் 'நீ'தான் இருந்தது. ஆக, உள்ளே ஏதோ நன்றாகவே நடந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"நல்லா இருக்கேன் சார். சொல்லுங்க."

"லைன்ல ஒருத்தர் கூட தாளை வாங்க மாட்டேங்கிறாங்க. போட்டவங்க திருப்பிக் கேக்கறாங்க. நீங்க அனுபவசாலி, உங்களுக்குத் தெரியாததா? உங்க செக்கிங் மேஜை காலியாத்தான் இருக்கு. திங்கட்கிழமை வந்து உட்காருங்க. பழைய மேஜை, பழைய வேலை. அந்தப் பக்கத்தை மட்டும் மாலை டீக்கு முன்னாடி எடுத்துடுங்க."

அவளுக்கு ஆசை வந்தது, அதை மறைப்பானேன். அந்த மேஜை மேல் தொங்குகிற குழல் விளக்கு கண் முன்னால் வந்தது. கையில் ஸ்டிக்கர் சுருள் சுற்றுகிற மாதிரி கூட இருந்தது. பிறகு அந்த மேஜைக்கு முன்னால், ஏஜென்சி ஆட்களாக மாறிப்போய்க் குனிந்து தைக்கிற அத்தனை தலைகளும் வந்தன.

"சார், நீங்க சொன்னதை இன்னொரு தடவை மெதுவா சொல்றீங்களா?"

"எதுக்கு?"

"நான் ஒத்தை விரல்ல டைப் அடிக்கிறவ. ஒரு வார்த்தை கூட விட்டுப் போகக் கூடாதில்ல."

அவர் போனை வைக்கவில்லை. இவள்தான் வைத்தாள். வைத்துவிட்டு ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். ஆபீஸ் சார் இப்போது என்னைக் கூப்பிட்டார். இந்தப் பக்கத்தை எடுத்தால் என் வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் எடுக்கவில்லை. மூன்றே வரி. ஒரு வசவு கூடக் கிடையாது. மாலை டீ மணி அடிக்கும்போது அவள் விரல் கடைசிப் பொத்தானில் இருந்தது, அழுத்தினாள்.

பெண்கள் கொட்டகைக்கு வந்து போன்களின் மேல் குனிவது கம்பி வழியாகத் தெரிந்தது. குனிந்த தலைகள் உடனேயே ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி, எல்லாரும் திரும்பி மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே ஆபீஸ் சார் இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.